தகுதி வழக்கும் இணையத் தடையும்

இலக்கணம் பயின்றோர் தகுதி வழக்கினை அறிவர். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனுள் முதலாவது, அவையிற் சொல்லத் தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு சொல்லால் உணர்த்துவது. ‘கால் கழுவி வந்தேன்’ என்பது வகுப்பில் நாம் காட்டும் எடுத்துக்காட்டு. தொல்காப்பியரும் அவையல் கிளவியை மறைத்துக் கூறவே விதித்தார். இவ்விதியில் கருதத்தக்கன இரண்டு. மறைக்கப்படுவது சொல்லே; பொருள் அன்று. மறைப்பவனோ தன் முன்னுள்ள அவையை அறிந்தவன். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இற்றைநாள் வினா ஒன்றை ஆராய்வோம்.

ஆபாசத் தளங்களை, வாடிக்கையாளர் கேளாமலே இணையச் சேவை நிறுவனங்கள் தாமாகத் தடுத்துவிட வேண்டுமா என்பதே அவ்வினா.

வேண்டும் என்பாரின் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. கேரித் தீவு போன்ற தோட்டப்புறங்களில், விடியுமுன் வேலைக்குப் புறப்படும் பெற்றோர்க்குப் பிள்ளையின் கைப்பேசியைக் கண்காணிக்க நேரமில்லை. அதனுள் தடுப்பு அமைக்கும் முறையும் பலர்க்குத் தெரியாது. பத்து வயதுப் பிள்ளை தற்செயலாய்க் கண்டுவிட்டதைக் காணாததாக்க எந்த ஆசிரியராலும் இயலாது. ஆகவே முன்னமே தடுப்பு இருத்தல் வேண்டும் என்கின்றனர். இக்கவலை நமக்கும் உரியதே.

நம் நாட்டில் தளங்களைத் தடுத்தல் புதிதன்று. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்களைத் தடுத்ததாக மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அறிவித்தது. அவற்றுள் சூதாட்டத் தளங்கள் நூற்றுக்கு 39. ஆபாசத் தளங்கள் நூற்றுக்கு 31. தடுக்கும் முறை இது: நாம் ஒரு தளத்தின் பெயரை இட்டால், அதற்குரிய எண்முகவரியைத் தேடித் தருவது ஒரு பெயரேடு. சேவை நிறுவனம் தன் பெயரேட்டில் அதனை மாற்றிவிட்டால் தளம் கிட்டாது. வெளிநாட்டுப் பெயரேடுகளை நாடுவோரையும் உள்நாட்டு ஏட்டுக்கே திருப்பிவிடுமாறு, 2024 செப்டம்பர் 30 எனக் கெடு வைத்து, நிறுவனங்களுக்கு ஆணை பிறந்தது. எதிர்ப்பு எழவே, செப்டம்பர் 8-இல் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதனைத் தொடர வேண்டாம் எனப் பணித்தார். எதிர்த்தோர் ஆபாசத்துக்குப் பரிந்து பேசியவர் அல்லர். எதை மறைப்பது என்று முடிவு செய்வோர் யார், தவறு நேர்ந்தால் முறையிடுவது எங்கே என்பனவே அவர்தம் ஐயங்கள்.

இவ்வையத்தின் வலிமையைத் திருக்குறளின் மொழிபெயர்ப்பு வரலாறு நமக்கு விளக்கும். 1730-இல் வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் தந்து மூன்றாம் பாலை விட்டுவிட்டார். துறவியாகிய அவர் விட்டமைக்காக நாம் குறைகூற வேண்டுவதில்லை. ஏனெனில், 133 அதிகாரங்களுள் 108 இங்குள்ளன, 25 இல்லை என்பதை எண்ணத் தெரிந்த எவரும் அறியலாம். போப்பையரும், மூன்றாம் பாலைப் பற்றிய தப்பெண்ணத்தால் சில ஆண்டுகள் அதனைப் படியாதிருந்ததாகத் தாமே எழுதியுள்ளார். பின்னர்ப் படித்தார், 1886-இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் தந்தார். விடப்பட்டது இன்னதென்று தெரிந்திருந்தமையால் அன்றோ அவர் அதனிடம் திரும்பி வர முடிந்தது?

இணையத் தடையில் இந்த எண்ணிக்கை இல்லை. எத்தனை அதிகாரம் போயிற்று என்பதைப் படிப்பவன் அறியான். 2013-இல் பிரிட்டனில், வீட்டார் வேண்டாமென்று சொன்னாலன்றித் தடுப்பு நிற்கும் முறையைப் பிரதமர் கேமரன் வற்புறுத்திக் கொணர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, பாலியற் கல்வி தரும் தளங்களும், வன்கொடுமைக்கு ஆளானோர்க்கு உதவும் தளங்களும் சில அத்தடுப்பில் சிக்கினமை வெளியாயிற்று. இடக்கரடக்கல் சொல்லை மறைத்துப் பொருளை உணர்த்தும்; இத்தடை சொல்லைக் கண்டு பொருளையே அழித்தது. தனக்கு நேர்ந்த கொடுமையை வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் சிறுமி, துணை தேடிச் செல்லும் ஒரே கதவும் அடைபடுமாயின், அதனைக் காவல் என்பதெங்ஙனம்? சொல்லை மட்டும் நோக்கும் கருவிக்குக் ‘காமத்துப்பால்’ என்னும் தலைப்பும் குற்றமாகவே தோன்றக்கூடும். அக்கருவி அவையை அறியாது. எதிரே இருப்பவர் குழந்தையா, தாயா, புலவரா என்பதும் அதற்குத் தெரியாது.

எனவே நம் முடிபு இது. பிள்ளைகளுக்கெனப் பெறும் கைப்பேசி இணைப்பில் தடுப்பு கேளாமலே அமைந்திருக்கட்டும். அங்கே அவை இன்னதென்பது தெளிவு. முழு வீட்டுக்கும் நாட்டுக்கும் கேளாமல் இடுதல் ஆகாது. எவ்விடத்தில் இடினும், ‘இது தடுக்கப்பட்டது, இன்ன காரணத்தால், இன்னாரிடம் முறையிடுக’ என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றல் வேண்டும். தவறாய்த் தடுத்ததை விரைந்து திறக்கும் வழியும் வேண்டும்.

ஆசிரியராகிய நாமும் விலக்குவோரே. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இன்பத்துப்பாலைப் பாடமாக எடுப்பதில்லை. ஆயினும் குறளுக்கு முப்பால் என்னும் பெயருண்டு என்று சொல்லாமல் விடுவதும் இல்லை. ‘மூன்றாவது எங்கே ஐயா?’ என்று அவன் கேட்டால், ‘வளர்ந்த பின் நீயே படிப்பாய்’ என்று விடை சொல்ல நாம் அங்கே நிற்கிறோம். அவ்வாறு விடை சொல்ல ஒருவர் நிற்கும் தடையே தகுதி வழக்கின்பாற்படும்.