ஸெஸானின் குவாரி

நிலக்காட்சி ஓவியம் என்றதும் 'அமைதி' என்ற சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. காலண்டர் ஏரிக்கரைக்கும் மாட்டுவண்டிக்கும் அது போதும். அவற்றில் பார்க்க வேறொன்றும் இல்லை. ஸெஸானுக்கும் அதையே ஒட்டுவதில்தான் எனக்கு ஆட்சேபணை.

1897 வாக்கில் அவர் தீட்டிய, பால்ட்டிமோர் கலைக்கூடத்தில் உள்ள ஓவியம்: பிபேமுஸ் குவாரியிலிருந்து தெரியும் ஸேன்த் விக்த்வார் மலை. நான் பார்த்தது அச்சுப்பிரதிதான். ஆளில்லை, மாடில்லை. கீழே செங்குத்தாக வெட்டப்பட்ட காவிப் பாறை, நடுவே மரங்களின் பச்சை, மேலே சாம்பல் நீலத்தில் மலை. மலை உண்மையில் தள்ளி இருப்பது. ஓவியத்திலோ குவாரியின் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. தூரத்தை மங்கலாக்கிக் காட்டும் பழைய உபாயத்தை அவர் நாடவில்லை. கண்ணுக்கு உள்ளே போய் இளைப்பாற இடமில்லை. பாறையில் முட்டி மேலேறி, மலையில் முட்டித் திரும்புகிறது. இதை இறுக்கம் என்பேன், அமைதி என்று சொல்ல மாட்டேன்.

தவிரவும், பிபேமுஸ் இயற்கை அல்ல. ஏக்ஸ் நகரத்துக் கட்டடங்களுக்காக ரோமானியர் காலந்தொட்டுக் கல் வெட்டிய இடம். வேலை நின்று, வெட்டுகளில் பைன் முளைத்த பிறகு ஸெஸான் அங்கே போகிறார். 1895இலிருந்து ஒரு குடிலை வாடகைக்கு வைத்துக்கொள்கிறார். அந்த நிசப்தம் உளி ஓய்ந்ததால் வந்த நிசப்தம்.

இந்த ஓவியம் எனக்கு அரியலூர்ப் பக்கத்து நிலத்தோடு சேர்ந்தே அர்த்தப்படுகிறது. விக்த்வாரும் சுண்ணாம்புக்கல் மலை. அதன் அடிவாரத்தில் கிடைத்த டைனோசர் முட்டைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை; பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் அரித்த காவி ஓடைகளில் கிடைக்கிற அம்மோனைட்டுகளும் அக்காலத்துக் கடலுடையவை. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான் சிமெண்டு ஆலைகள் வெட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த நிலத்தை நம் ஓவியர்கள் ஏன் தாண்டிப் போனார்கள்? கே.சி.எஸ். பணிக்கர் நீர்வண்ண நிலக்காட்சியில் கை தேர்ந்தவர், வான்காவை உள்வாங்கியவர். 1963இலிருந்து 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்குள் போகிறார். அவரளவில் அது நியாயமான பயணம். ஆனால் பின்னால் வந்தவர்களில் பலருக்குக் குறியீடு வெகு சுலபமாகக் கிடைத்துவிட்டது. நிலக்காட்சியை மேல்நாட்டுச் சரக்கென்று ஒதுக்கியபோது நிலத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டோம். நீர்வண்ணக்காரர்களோ ஈரமும் நிழலும் உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். முந்திரியும் பருத்தியும் விளைகிற வெயில் காட்டில் யார் போய் உட்காருவது?

இன்று போய் உட்காருகிறவனுக்கு ஸெஸானின் சௌகரியம் கிடையாது. இங்கே குவாரி ஓயவில்லை. லாரி போகிறது, சாலையோரத்து இலைகளில் வெண்புழுதி படிகிறது. இதை வெறும் தளங்களாகவும் நிறங்களாகவும் பிரித்துப் போட்டால் அது திருட்டுத்தனம். இழந்த கொல்லைக்காக அழும் முகமொன்றை முன்னால் நிறுத்தினால் சுவரொட்டி. ஸெஸானிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறதென்றால், அருகையும் தூரத்தையும் ஒரே அழுத்தத்தோடு பார்க்கிற அந்தப் பிடிவாதம்தான். பருத்திக்கொல்லை முடிகிற இடத்தில் அடுத்த அடி செங்குத்தான வெட்டு. அதன் கீழே மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருக்கிறது. கொல்லைக்கும் தண்ணீருக்கும் ஒரே தூரிகை.