முறுக்காத உத்திரம்

காரைக்குடியில் என் வீட்டுக் கொட்டகைக்கு யார் வந்தாலும் முதலில் கேன்ட்ரியைத்தான் காட்டுகிறேன். "தள்ளிப் பாருங்க, நல்லா பலமாத் தள்ளுங்க" என்பேன். அசையாது! நானே சொந்தமாகக் கட்டிய, கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மிஷினில் எனக்கு உயிரான பாகம் அதுதான்.

கேன்ட்ரி என்பது இரண்டு கால்கள் தாங்கும் குறுக்கு உத்திரம். பிட் என்கிற வெட்டுக்கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் அதைப் பிடித்துத் தொங்கியபடி மரத்தைக் குடையும். முதலில் நான் போட்டது 100க்கு 50 மில்லிமீட்டர் இரும்பு சி சேனல். வட்டம் வெட்டினால் முட்டை வடிவம் வந்தது. குடைந்த பள்ளத்தின் அடியில் மீன் செதில் மாதிரி வரிவரியாகத் தழும்பு. பிட் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பத்துக் கிலோவுக்கு இழுத்தேன். டயல் காஜ் முள் 0.6 மில்லிமீட்டர் நகர்ந்தது. தேக்கில் பூவேலைக்கு அது ஒரு பெரிய பள்ளம்.

நிலைக்கதவு செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, நம்ம ஊர் வீட்டுல உத்திரத்தைப் படுக்கவா போட்டிருக்கு? நிமித்தில்ல வச்சிருக்கு" என்றார். எவ்வளவு சரி! கட்டையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் வெறும் இரண்டு மடங்கு. பர்மா தேக்கை இழைத்த கைகளுக்கு இது சூத்திரம் இல்லாமலே தெரிந்திருக்கிறது.

ஆனால் வீட்டு உத்திரத்தைக் கூரை மேலிருந்து அழுத்துகிறது. என் உத்திரத்தையோ பிட் முன்னும் பின்னும் தள்ளுகிறது, அதுவும் ஒரு சாண் கீழே தொங்கிக்கொண்டு. அந்தத் தள்ளு உத்திரத்தை வளைப்பதைவிட அதிகமாக முறுக்குகிறது. ஒரு பிவிசி குழாயை எடுத்து முறுக்கிப் பாருங்கள், கை வலிக்கும். அதையே நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு கீறு கீறிவிட்டு முறுக்குங்கள், துணி பிழிகிற மாதிரி திரும்பும். அதே பிளாஸ்டிக், அதே கனம்! என் சேனல் அந்தக் கீறிய குழாய்தான். திறந்த வாயை மூடிவிட்டால் போதும் என்று அன்றைக்கு விளங்கியபோது இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அதனால் 150க்கு 100, 6 மில்லிமீட்டர் கனத்தில் இரும்புப் பாக்ஸ் பைப். மீட்டருக்கு 22 கிலோ. முறுக்கைத் தாங்குவதில் பழைய சேனலைவிட நானூறு மடங்குக்கும் மேல். கணக்குப் போட்டுவிட்டு நம்பாமல் மறுபடி போட்டேன். அலுமினியம் பார்க்க அழகு, ஆனால் ஒரே அளவில் இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பு. பைப்பின் முகத்தில், ஸ்பிண்டில் ஓடுகிற இரண்டு லீனியர் ரெயிலையும் முடிந்தவரை விலக்கி, ஒன்றை உச்சியிலும் ஒன்றை அடியிலும் வைப்பதாகத் திட்டம். இடைவெளி கூடக் கூட ஸ்பிண்டில் தலையாட்டுவது குறையும்.

ஒரு சிக்கல் மிச்சம். பைப்பின் முகம் சமமாக இல்லை. கால்களுக்குத் தகடு வெல்டிங் வைத்த சூட்டில் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. ரெயிலை அப்படியே முடுக்கினால் அதுவும் வளையும். மில்லிங்குக்குக் கோயம்புத்தூர் வரை தூக்கிப் போக வேண்டுமா? ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண்ணாடித் தகட்டின் மேல்தான் வண்ணச் சிமென்டை ஊற்றுகிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கிவிடுகிறது. நானும் 12 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு மெழுகு பூசி, ரெயில் உட்காரும் இரண்டு பட்டைகளிலும் எபாக்ஸி தடவி, அதன்மேல் கண்ணாடியை மெல்லப் படுக்கவைத்தேன். மறுநாள் காலை 'டக்'கென்று பிரிந்து வந்தது. எபாக்ஸியில் என் முகம் தெரிந்தது! நேர்க்கோல் வைத்து 0.05 ஃபீலர் காஜ் விட்டுப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை.

மறுபடி அதே தராசு, அதே பத்துக் கிலோ. முள் 0.03இல் நின்றது.

பெரியவரைக் கூப்பிட்டுத் தேக்கில் ஒரு தாமரை குடைந்து காட்டினேன். பள்ளத்தின் அடியில் கட்டைவிரல் நகத்தை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. இன்னொரு முறை இழுத்தார். "உப்புத்தாள் கூட வேணாம் போலிருக்கே" என்றவர், வண்டியில் கட்டியிருந்த பலகையை அவிழ்க்கப் போனார்.