ஆயர் பாடலும் மூவர் குரலும்

அமெரிக்க மேற்றிசைப் புல்வெளிகளில் மந்தையோட்டிய ‘கௌபோய்’ எனும் ஆயர், இராக்காவலின்போது மாடுகள் வெருண்டோடாதிருக்கத் தனிக்குரலிற் பாடினர். இத்தகைய ஆயர் பாடல்களை ஜோன் லொமாக்ஸ் 1910இல் நூலாக்கினார். 1930களில் பொப் நோலன், ரிம் ஸ்பென்சர், பின்னாளில் றோய் றொஜேர்ஸ் எனத் திரையிற் புகழெய்திய லெனாட் ஸ்லை ஆகிய மூவரும் கூடிப் பாடியதோ வேறொன்று. வெவ்வேறு சுரநிலைகளில் ஒருங்கெழும் அவ்வொத்திசை, மந்தைவெளியை விட்டு வானொலிக்கும் திரைப்படத்துக்கும் அமைந்தது. அதனாற் போலியென்பாரும் உளர். அஃது பொருந்தாது. நோலன் கனடாவிற் பிறந்தவரேனும் இளமையிலேயே அரிசோனாப் பாலையைக் கண்டவர். அவரியற்றிய ‘கூல் வோட்டர்’ பாடலில், விடாய்கொண்ட வழிப்போக்கன் நீரை விளிக்குந்தோறும் ஏனைக் குரல்கள் அச்சொல்லையே தொலைவிலிருந்து மீட்டொலிக்கின்றன. மறுமொழிபோற் கேட்பது அவன் வேட்கையே. தனிக்குரலால் இக்கானலைக் காட்டல் கூடுமோ?