திறந்த உலகும் தேடலின் இன்பமும்

புதிய ஊரொன்றிற் சென்று இறங்கியவன் பெருந்தெருவை விட்டு ஒழுங்கையொன்றில் நடக்கத் தொடங்கும்போது அவன் உள்ளத்தில் ஒருவகைக் கிளர்ச்சி தோன்றுதல் இயல்பு. அவ்வொழுங்கையின் முடிவில் யாது உளது என்பதை அவன் அறியான். அவ்வறியாமையே அவனை முன்னே நடத்திச் செல்கின்றது. இவ்வுணர்ச்சியை மூலமாகக் கொண்டு எழுந்ததே திறந்தவுலக விளையாட்டு எனப்படும் கணினி விளையாட்டு வகை. ஆடுவோனைக் கட்டங்கட்டமாக அழைத்துச் செல்லாது, பரந்த நிலப்பரப்பொன்றில் விட்டு, வேண்டிய திசையிற் செல்லும் உரிமையை அவனுக்கு அளித்தல் இவ்வகையின் இலக்கணமாகும்.

இவ்வகை நேற்றுத் தோன்றியதன்று. 1984இல் டேவிட் பிறேபன், இயன் பெல் ஆகிய இருவரும் ஆக்கிய 'எலீற்' என்னும் விளையாட்டில் எட்டு விண்மீன் மண்டலங்களும், மண்டலம் ஒன்றிற்கு 256 ஆக உலகங்களும் அமைந்திருந்தன. 1986இல் வெளிவந்த முதலாவது 'செல்டா' விளையாட்டு, தாம் சிறுவராயிருந்த காலத்திற் கியோட்டோவிற்கு அணித்தான நாட்டுப்புறத்தில் மலைகளிலும் குகையிலும் அலைந்து திரிந்த அனுபவத்தினின்று பிறந்தது என அதனை ஆக்கிய ஷிகெரு மியமோட்டோ கூறியுள்ளார்.

ஆயின், செல்லும் உரிமை ஒன்றே இன்பத்தைத் தந்துவிடுவதில்லை. ஓர் உலகில் நாட்கணக்காக அலைந்தும் ஆடுவோன் சலிப்பதில்லை. பிறிதோர் உலகில் ஒரு மணி நேரத்துள்ளேயே கூலிக்கு வேலை செய்வோனைப் போலக் களைத்துவிடுகின்றான். இவ்வேற்றுமைக்குக் காரணம் பரப்பின் அளவுமன்று, காட்சியின் எழிலுமன்று. காணப்பட்ட காட்சி ஆடுவோன் உள்ளத்தில் வினாவொன்றை எழுப்புதல் வேண்டும். அவ்வினாவிற்கு அவன் தன் முயற்சியால் விடை காணுதல் வேண்டும். அவ்விடை அம்முயற்சிக்குத் தகுதியுடையதாதல் வேண்டும். இம்மூன்றும் கூடியவழியே தேடல் இன்பமாகின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் அது தொல்லையாகின்றது.

முதற்கண் வினாவை நோக்குவாம். 2017இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'பிரெத் ஒவ் த வைல்ட்' என்னும் செல்டா விளையாட்டின் தொடக்கத்தில், நூறாண்டு உறக்கத்தினின்று எழுந்த வீரன் குகையை விட்டு வெளியேறி மலை விளிம்பில் நிற்கின்றான். கீழே காடும், இடிந்த கோயிலும், தொலைவில் அரண்மனையும், எரிமலையும் தோன்றுகின்றன. "அங்கு யாது உளது?" என்னும் வினாவை எவரும் அவனுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. இவ்விளையாட்டின் ஆசிரியர்கள் முக்கோண வடிவான மேடுகளை நிலமெங்கும் அமைத்தனர். மேடு தன் பின்னுள்ளதை மறைக்கின்றது. ஏறிக் கடப்பதா, சுற்றிச் செல்வதா என ஆடுவோன் எண்ணுகின்றான். எவ்வழியே சென்றாலும் மறைந்திருந்தது சிறிது சிறிதாக வெளிப்படுகின்றது. கோபுரத்தில் ஏறினால் நிலப்படம் கிடைக்கும். ஆயின் அப்படத்தில் மலையும் ஆறும் இடப்பெயர்களும் உளவேயன்றி, தேடவேண்டியவற்றின் குறிகள் இல்லை. தொலைநோக்கியாற் கண்டு, தன் கையாலேயே குறியிட வேண்டியவன் ஆடுவோனே.

இதற்கு மறுதலையானது 2007இல் தொடங்கிய 'அஸாசின்ஸ் கிறீட்' வரிசை. அங்கும் உயர்ந்த கோபுரத்தில் ஏறுதல் உண்டு. ஏறி நின்று நகரைப் பார்க்குங் கணம் எழில் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்த கணமே நிலப்படத்திற் குறிகள் பல தோன்றிவிடுகின்றன. 2014இல் வந்த 'யூனிற்றி'யிற் பாரிஸ் நகரப் படம் குறிகளால் மூடப்பட்டுக் கிடந்தது. வினா எழுமுன்னரே விடை வந்துவிடுகின்றது. அதன்பின் ஆடுவோன் நகரைக் காண்பதில்லை, குறிகளையே காண்கின்றான். செய்யுளை வாசிக்குமுன் அதன் பொழிப்பை மனனஞ் செய்த மாணவன் நிலை இதுவே. அச்செய்யுளில் அவனுக்குக் கண்டடைவதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. இக்குறையை ஆக்கியோரே உணர்ந்தனர் போலும். 2018இல் வந்த 'ஒடிசி'யில், குறியை நீக்கி, "இன்ன ஊருக்கு மேற்கே, இன்ன ஆற்றங்கரையில்" என்றவாறு வழிக்குறிப்பு மட்டும் தரும் முறையொன்றை அவர்கள் சேர்த்தனர்.

இரண்டாவது முயற்சி. 2002இல் வந்த 'மொறோவின்ட்' விளையாட்டில் வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது. ஊரார் வாயாற் சொல்லும் வழி நாட்குறிப்பிற் பதிவாகும். அதனைக் கொண்டு பாலத்தையும் பாறையையும் கண்டு நடத்தல் வேண்டும். சில வேளைகளில் அவ்வழிக்குறிப்புத் தெளிவற்றதாயிருக்கும். அப்போது எழும் சினம் நியாயமானதே. அதனைத் தொடர்ந்து 2006இல் வந்த 'ஒப்லிவியன்' திசைகாட்டியில் அம்புக்குறியை இட்டது. பெருநகரங்களுக்கு நொடிப்பொழுதிற் செல்லும் வசதியையும் தொடக்கத்திலேயே அளித்தது. தொல்லை நீங்கியது, அதனோடு நிலமும் நீங்கியது எனலாம். அன்றியும், ஆடுவோனின் ஆற்றல் வளருந்தோறும் பகைவரின் ஆற்றலும் உடன் வளருமாறு அவ்விளையாட்டு அமைந்தது. அதனால் அஞ்சத்தக்க இடம், அஞ்சத்தகாத இடம் என்ற வேறுபாடு குன்றிற்று. நூறு பொற்காசுக்கு வழிமறிக்கும் கள்வன் அதனினும் பன்மடங்கு விலைபெற்ற கவசத்தை அணிந்து நிற்கும் வேடிக்கையும் நேர்ந்தது.

எனினும் தடை யாவும் நன்மையன்று. 'பிரெத் ஒவ் த வைல்ட்' விளையாட்டில் மழை பெய்தால் மலைப்பாறை வழுக்கும்; பாதியேறியவன் சறுக்கி வீழ்வான். மழை பெய்தாற் பாறை வழுக்கும் என்பது உலகியல்பு. ஆகவே முதன்முறை அது வியப்பாகின்றது. ஆயின் ஒதுங்கி நின்று காத்திருத்தலன்றி வேறு வழி தோன்றாதபோது, பத்தாம் முறை அது வெறும் தாமதமாகின்றது. எண்ணிப் பார்த்துக் கடக்கக்கூடிய தடை முயற்சியை வளர்க்கும். காத்திருக்க மட்டுமே செய்யுந் தடை பொறுமையைக் கெடுக்கும்.

மூன்றாவது விடை. 2016இல் ஹலோ கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'நோ மான்ஸ் ஸ்கை'யில் உள்ள கோள்களின் தொகை 18,446,744,073,709,551,616. அஃதாவது இரண்டின் 64ஆம் அடுக்கு. இத்துணைக் கோள்களையும் கணித விதியே படைக்கின்றது. முதற் சில கோள்களில் இறங்கியவன் வியந்தான். பின்னர், நிறம் மாறிய அதே புல்லையும் உறுப்பு மாறிய அதே விலங்கையும் கண்டு சலித்தான். பின்வந்த ஆண்டுகளில் அவ்விளையாட்டுப் பலவாறு திருத்தி வளர்க்கப்பட்டது. ஆயினும் அதன் முதல் வடிவம் தந்த பாடம் மறக்கற்பாலதன்று. தமிழிலக்கண நூலார் திணையை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, அவற்றுள் உரிப்பொருளையே சிறப்புடையதாகக் கொண்டனர். நிலமும் பொழுதும் முதல். மரமும் மாவும் கரு. ஆங்கு நிகழும் மனித உணர்ச்சியே உரி. அம்முதல் வடிவத்தில் முதலும் கருவும் எண்ணிறந்தன. உரி மட்டும் மிக அருகியே இருந்தது.

எண்ணிக்கை என்றும் குற்றமுடையது என்பதன்று இதன் கருத்து. 'பிரெத் ஒவ் த வைல்ட்' நிலத்தில் 900 கொறொக் விதைகள் மறைந்துள்ளன. பையை முழுவதும் பெருப்பிக்க 441 விதைகளே போதும்; 900ஐயும் திரட்டியவனுக்குக் கிடைப்பது பயனற்ற ஒரு பகடிப் பரிசே. விதைகள் அத்தனையாய் இருப்பது ஒருவன் யாவற்றையும் திரட்டுதற்கன்று, எவன் எங்கு நின்று "இந்தக் கல் ஏன் தனித்துக் கிடக்கின்றது?" என ஐயுறினும் அவனுக்கு ஒரு விடை கிடைத்தற்கே. இதனை உணராது பட்டியலிட்டுத் திரட்டப் புகுந்தவன் தன் இன்பத்தைத் தானே கெடுத்துக்கொள்கின்றான்.

இம்மூன்றும் பொருந்திய ஆக்கம் 2019இல் வந்த 'அவுற்றர் வைல்ட்ஸ்'. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்திற்கான ஆக்கமாகத் தொடங்கிய இவ்விளையாட்டிற் கோள்கள் மிகச் சிலவே. இருபத்திரண்டு நிமிடத்திற் கதிரவன் வெடித்து யாவும் அழிய, ஆடுவோன் மீண்டும் தொடக்கத்திலேயே கண்விழிக்கின்றான். அவன் படைக்கலமோ பொன்னோ சேர்ப்பதில்லை. சேர்ப்பது அறிவு ஒன்றே. நேற்றுத் திறவாத கதவு இன்று திறப்பது, அவன் கையில் திறப்பு வந்தமையாலன்று. திறக்கும் முறையை அவன் அறிந்தமையாலேயே.

"உழைத்துக் களைத்து வீடு திரும்பியோனுக்கு வழி தேடி அலைய ஓய்வு ஏது? குறியிட்டுக் காட்டுதலே அவனுக்கு உதவியன்றோ?" என்பார் உளர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. வழி தவறுதல் வேறு, வழி தேடுதல் வேறு. முன்னையதனின்று காத்தல் ஆக்கியோன் கடன். ஆயின் ஓய்வு குறைந்தவனுக்குச் செய்யும் உதவி, அவனுடைய குறுகிய நேரத்தைக் குறிகளை அழிக்கும் வேலையாக மாற்றுதலன்று; அரை மணி நேரத்துள்ளும் ஒன்றைத் தானே கண்டான் என்னும் நிறைவை அளித்தலேயாம்.

இன்று மாணவர் பலர் ஓய்வு வேளையிற் செல்லும் உலகங்கள் இவை. ஆதலின் "எத்துணை நேரம் ஆடினாய்?" என்று கேட்பதோடு அமையாது, "ஆங்கு நீயாகக் கண்டது யாது?" என்றும் அவர்களைக் கேட்டல் தகும். விளையாட்டின் தரத்தை அளக்கும் கோலும் அவ்வினாவே. சொல்லத் தொடங்கியவன் நிறுத்த மாட்டாது சொல்வானாயின், அவ்வுலகு உண்மையிலேயே திறந்த உலகு. முடித்த குறிகளின் தொகையை மட்டும் சொல்வானாயின், அது பரப்பு எத்துணைப் பெரிதாயினும் அடைத்த உலகேயாம்.