டால்பின் கோப்பு மேலாளர்: தமிழ்ப் பெயர்களைக் கொண்டு ஒரு மதிப்பீடு

டால்பின் என்பது கேடிஈ குழுவினர் உருவாக்கிப் பராமரித்துவரும் கட்டற்ற கோப்பு மேலாளர் ஆகும். லினக்சு மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரிதும் பயன்படுகிறது. 2008 ஜனவரியில் வெளியான கேடிஈ 4 பணிச்சூழலில் இது முதன்மைக் கோப்பு மேலாளராக இடம்பெற்றது. அதற்கு முன் அந்த வேலையைக் காங்கரர் என்ற மென்பொருள் செய்தது. இணைய உலாவியும் அதுவே. கோப்புகளைக் கையாள்வதற்கென்றே தனியாக ஒரு மென்பொருள் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது டால்பின்.

இதைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் வசதிகளைப் பட்டியலிடுகின்றன. சோதிக்கும் கோப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். இக்கட்டுரை கேட்கும் கேள்வி வேறு: தன் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடும் ஒரு மாணவருக்கு டால்பின் எவ்வளவு உதவுகிறது?

பின்னணி

தமிழகத்து மாணவர்களுக்குக் கட்டற்ற கோப்பு மேலாளர் புதிதன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவிக் கொடுக்கப்பட்டது. பாஸ் லினக்சு டெபியனை அடிப்படையாகக் கொண்டது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது. அதன் தொடக்கப் பதிப்புகளில் குனோம் பணிச்சூழல் இருந்ததால், அன்றைய மாணவர்கள் பார்த்தது நாட்டிலசு என்ற கோப்பு மேலாளரை. 2012இல் வந்த 3.6 பதிப்பில், ஒரே சாளரத்தில் இரண்டு கோப்புறைகளை அருகருகே காட்டும் வசதியை நாட்டிலசு நீக்கிவிட்டது. டால்பினில் அது இன்றும் இருக்கிறது. எஃப்3 விசையை அழுத்தினால் போதும். இடப்பக்கம் கணினி, வலப்பக்கம் பென் டிரைவ் என்று வைத்துக்கொண்டு நகலெடுப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

அகரவரிசை

முதல் சோதனை வரிசையாக்கம். மரம், மலை, மழை, மறை, மனம் என்று ஐந்து கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். தமிழ் அகராதியில் இவை வரும் முறையும் இதுவே. ஒருங்குறி எண்களின்படி மட்டும் அடுக்கினால் மனம், மரம், மறை, மலை, மழை என்று முறை மாறிவிடும்.

காரணம் எளியது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறிமுறையைப் பின்பற்றியது. இந்திய எழுத்துகள் அனைத்தையும் தேவநாகரிக்கு இணையாக நிறுத்திய முறை அது. அதனால் ‘ன’ போய் ‘ந’வின் அருகிலும், ‘ற’ போய் ‘ர’வின் அருகிலும் அமர்ந்துவிட்டன. நம் நெடுங்கணக்கின் வரிசையை மென்பொருள்தான் தனியே அறிந்து செயல்பட வேண்டும்.

டால்பின் இதில் தேறுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையுடன். அமைப்புகளின் காட்சிப் பகுதியில் வரிசையாக்கத்துக்கு ‘நேச்சுரல்’ என்ற தெரிவு உண்டு. நிறுவும்போது இருப்பதும் அதுவே. இது மொழிவாரி வரிசை விதிகளைப் பயன்படுத்துவதால் மேற்கண்ட ஐந்து சொற்களும் சரியாக நிற்கும். ‘பாடம் 2’ என்பதும் ‘பாடம் 10’க்கு முன்னால் வரும். அதை ‘அல்ஃபபெட்டிக்கல்’ என்று மாற்றினால் வெறும் குறி எண் ஒப்பீடுதான் நடக்கும். அகரவரிசை என்று பெயர் சொல்லும் தெரிவே தமிழ் அகரவரிசையைக் குலைக்கிறது என்பது முரண். இதை எச்சரிக்கும் குறிப்பு அங்கே எதுவும் இல்லை.

ஒரே தோற்றம், இரண்டு கோப்புகள்

இரண்டாவது சோதனை தேடல். கண்ட்ரோல் விசையுடன் ஐ விசையை அழுத்தினால் வடிகட்டிப் பட்டை திறக்கும். அதில் ‘கோயில்’ என்று தட்டத் தட்ட, அச்சொல் உள்ள பெயர்கள் மட்டும் திரையில் நிற்கும். நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறையில் இது மிக விரைவான வழி.

ஆனால் ‘கோ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகப் பதியலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்துத் தட்டுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. எனவே ஒரே கோப்புறையில் ‘கோயில்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும். டால்பின் இரண்டையும் தடையின்றி ஏற்கிறது. வடிகட்டும்போது ஒன்றைக் காட்டி மற்றொன்றை விட்டுவிடுகிறது. பலர் சேர்ந்து தட்டச்சு செய்யும் பணிகளில், திருத்திய பிரதி எது, திருத்தாத பிரதி எது என்ற குழப்பத்துக்கு இது வழி செய்யும். சேமிப்பு முறை இப்படிப்பட்டது என்றாலும், பயனரை எச்சரிக்க வேண்டிய இடம் கோப்பு மேலாளர்தான். இது டால்பினின் தெளிவான குறை.

பெயரின் நீளம்

மூன்றாவது, பலரும் அறியாதது. லினக்சில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறிகள் இருப்பதால் அதற்கு மட்டும் 15 பைட் ஆகிறது.

ஒரு மாணவர் ‘மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழா கள ஆய்வுக் கட்டுரை இறுதிப் பிரதி’ என்று பெயரிட்டால் 228 பைட் தீர்ந்துவிடும். கடைசியில் ‘திருத்தியது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் 262 ஆகி எல்லையைத் தாண்டும். விண்டோசு வேறு வகையில் எண்ணுவதால் அங்கே இப்பெயர் செல்லும். அங்கிருந்து பென் டிரைவில் கொண்டுவந்து லினக்சில் நகலெடுக்கும்போதுதான் பிழைச்செய்தி வரும். இன்னும் எத்தனை எழுத்துக்கு இடமுண்டு என்று பெயரிடும் கட்டத்திலேயே டால்பின் காட்டினால் இச்சிக்கல் எழாது.

பென் டிரைவ்

கட்டுரையை அச்சிட ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். லினக்சு, எழுத வேண்டிய தரவை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மெல்ல எழுதும். ஆகவே நகலெடுப்பு முடிந்ததாக டால்பின் காட்டிய பின்னும் எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கலாம். பக்கப் பட்டையில் பென் டிரைவின் பெயருக்கு அருகிலுள்ள வெளியேற்றும் குறியை அழுத்தி, அது முடியும்வரை காத்திருந்து எடுப்பதே பாதுகாப்பு. அவசரப்பட்டுப் பிடுங்கினால் கடையில் கோப்பு திறக்காமல் போகலாம்.

மதிப்பீடு

குறைந்த நினைவகம் உள்ள பழைய கணினிக்குத் துனார், பிசிமேன்எஃப்எம் போன்ற எளிய மேலாளர்கள் பொருத்தமானவை. ஓரளவு புதிய கணினியில், தமிழ்க் கோப்புகளை மிகுதியாகக் கையாள்பவருக்கு டால்பினைப் பரிந்துரைக்கலாம். வரிசையாக்கத்தை ‘நேச்சுரல்’ தெரிவிலேயே விட்டுவைப்பது, பெயரை ஐந்தாறு சொற்களுக்குள் முடிப்பது, பென் டிரைவை முறைப்படி வெளியேற்றுவது ஆகிய மூன்றும் பழக்கமானால் பெரும்பாலான தொல்லைகள் வாரா.

தொல்லை வரும் என்று அஞ்சியே பலர் தமிழ்க் கட்டுரைக்கும் ஆங்கில எழுத்தில் பெயரிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தேடும்போது, அந்தப் பெயரை எப்படி எழுத்துக்கூட்டினோம் என்று அவர்களுக்கே நினைவிருப்பதில்லை. தமிழில் பெயரிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. டால்பினில் அப்படிப் பெயரிடத் தயங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன இரு குறைகளும் தீராதவையல்ல. மூல நிரல் திறந்திருக்கிறது. கேடிஈயின் வழு பதிவுத் தளத்தில் யாரும் முறையிடலாம். ‘கோயில்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகளை உருவாக்கி, அதன் திரைப்பிடிப்பை இணைத்து அனுப்புவது ஒரு மாணவரால் ஒரு மாலையில் முடிகிற வேலை. தமிழில் பெயரிடுபவர்கள் சொல்லாவிட்டால் இக்குறை உருவாக்குநர்களின் கண்ணில் படுவது அரிது.