98 விழுக்காடு எங்கிருந்து வருகிறது?

செயற்கை நுண்ணறிவில் இறுதியாண்டு மாணவர்கள் எழுதும் ப்ராஜெக்ட் அறிக்கைகளைப் புரட்டினால் ஒன்று சட்டென்று கண்ணில் படும். விழித்திரை நோயோ, இலை நோயோ, மார்பு எக்ஸ்ரேயோ, எதுவானாலும் முடிவு அத்தியாயத்தில் அக்யூரசி (மாடல் சரியாகச் சொன்ன விழுக்காடு) பெரும்பாலும் 95-க்குக் கீழே இறங்குவதில்லை. 97, 98, துணிந்தவர்கள் 99.4. இந்த எண்கள் அப்படியே மெய்யென்றால் பாதி நோயறி நிலையங்களை மூடிவிடலாம். மாணவர்கள் பொய் எழுதுகிறார்கள் என்று சொல்லவில்லை. கணினி காட்டியதைத்தான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள். கணினி எதை அளந்தது என்பதுதான் கேள்வி.

இதைப் பேசப் புதுச்சேரி தோதான ஊர். காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரியாக இருந்து 2020-இல் உருமாறிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், காரைக்காலில் என்.ஐ.டி., இவை போக ஏராளமான தனியார் கல்லூரிகள். இவற்றில் எந்த ஒன்றையும் குறிவைத்து எழுதவில்லை; நடைமுறை நாடு முழுக்க ஒன்றுதான்.

ஜீரோத் ரிவ்யூ எனும் முதல் பரிசீலனைக்கு முன்பு, பின்பற்றிச் செய்ய ‘பேஸ் பேப்பர்’ என்று ஒரு பழைய கட்டுரையைப் பிடிக்க வேண்டும். கேகிள் தளத்திலிருந்து ஒரு டேட்டாசெட்டை இறக்க வேண்டும். ஏற்கெனவே பயிற்சி பெற்ற ரெஸ்நெட் போன்ற ஒரு மாடலை எடுத்து, கடைசி அடுக்கை மாற்றி, கூகுள் கோலேபில் ஓட்ட வேண்டும். பேஸ் பேப்பரைவிட ஒன்றிரண்டு விழுக்காடு கூடினால் அதுவே ‘நாவல்டி’. பிறகு அறிக்கை, பைண்டிங், வைவா. இதற்கும் சோம்பல்படுகிறவர்களுக்கு டைட்டிலோடு கோடிங்கையும் விற்கும் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி இரண்டு கேமிங் கார்டுகளை வைத்துப் பயிற்றுவித்த, படங்களை இனங்காணும் அலெக்ஸ்நெட் மாடல்தான் இந்தத் துறையின் திசையையே மாற்றியது. இன்று அதைவிடத் திறமையான மாடலைப் பாகூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி காசு செலவில்லாமல் ஓட்டிப் பார்க்கிறார். பிறர் செய்ததைத் தன் கையால் திரும்பச் செய்து பார்ப்பது நல்ல கல்வி. ஆனால் அதை ‘ஆய்வு’ என்று பெயரிட்டு மதிப்பெண் போடும்போதுதான் சிக்கல். அலெக்ஸ்நெட்டுக்கு அடியில் இமேஜ்நெட் இருந்தது. ஃபெய்-ஃபெய் லீயின் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேகரித்துப் பெயரிடச் செய்த படங்கள் அவை. தரவு சேகரிக்கும் அந்தப் பாதி உழைப்பு நம் பாடத்திட்டத்தில் இல்லை.

நம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த விழித்திரை டேட்டாசெட்டையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் கேகிள் போட்டிக்காக வெளியிடப்பட்ட ஆப்டாஸ் தொகுப்பு, அரவிந்த் கண் மருத்துவமனை தந்த படங்களால் ஆனது. பயிற்சிக்கு 3,662 படங்கள். அவற்றில் 1,805 படங்களில் சர்க்கரை நோயால் வந்த பாதிப்பு எதுவும் இல்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘நோயில்லை’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்த மாடல்கூடப் பாதிக்குப் பாதி தேறிவிடும். பார்வை பறிபோகும் அபாயத்தை நெருங்கிய ‘கடுமையான’ நிலைக்கு இருப்பவையோ 193 படங்கள்தான். டாக்டருக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில் மாடல் தடுமாறினாலும், மொத்த அக்யூரசியில் அது பெரிதாகத் தெரியாது.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. படங்கள் போதவில்லை என்று ஒவ்வொன்றையும் திருப்பி, சாய்த்து, பெருக்கிக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் பெருக்கிய பிறகு பயிற்சிக்கு இவ்வளவு, தேர்வுக்கு இவ்வளவு என்று பிரித்தால், ஒரே கண்ணின் நேர்ப்படம் பயிற்சியிலும் சாய்த்த படம் தேர்விலும் போய் உட்காரும். வினாத்தாள் முந்தின நாளே வெளியான தேர்வில் வாங்கிய 98 அது. இத்தனைக்கும் அந்தப் படங்களைத் தந்த அரவிந்த் மருத்துவமனையின் கிளை கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு நாள் நின்று, விழித்திரைப் படம் எப்படி எடுக்கிறார்கள், எந்தப் படத்தை ‘தெளிவில்லை’ என்று ஒதுக்குகிறார்கள் என்று கேட்ட மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இலை நோயின் கதை இன்னும் வேடிக்கை. பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள். 2016-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரை இதில் 99.35 விழுக்காடு எட்டியது. அதே கட்டுரையில், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்ததும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாவதை அநேகமாக விட்டுவிடுகிறார்கள். 2022-இல் ஒருவர் இதே தொகுப்பில், படத்தின் பின்புலத்திலிருந்து வெறும் 8 புள்ளிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார். இலையையே பார்க்காமல் அது 49 விழுக்காடு சரியாகச் சொன்னது. அந்த 14 பயிர்களில் ஆப்பிள் உண்டு, ஸ்ட்ராபெரி உண்டு; நெல் இல்லை. ஆனாலும் ‘நம் விவசாயிகளுக்கு உதவும்’ என்ற வரி அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும். புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரில் குலைநோயும் இலையுறைக் கருகலும் பார்த்த விவசாயிக்கு ஸ்ட்ராபெரி இலை எதற்கு?

மாணவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து கோவிட்டைக் கண்டறிவதாகச் சொன்ன 2,212 கட்டுரைகளைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சலித்துப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். தரச் சோதனையில் தேறியவை 62. அவற்றிலும் மருத்துவமனையில் பயன்படக்கூடியது ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் ஆய்வாளர்கள்.

நான்கு மாதத்தில் மாணவர் எங்கே போய்ப் படம் சேகரிப்பார் என்று வழிகாட்டும் ஆசிரியர்களான கைடுகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மருத்துவப் படம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே ஒரு செமஸ்டர் போய்விடும். ஆனால் எல்லாமே மருத்துவம் இல்லையே. இதே ஊரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. அதையும் சேர்த்து இவ்வூரிலுள்ள சைவச் சுவடிகள், ஓலையும் தாளுமாக ஏறத்தாழ 11,000, 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் உள்ளவை. ஓலையில் ஓர் எழுத்தை அடுத்த எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் வேலையே ஒரு ப்ராஜெக்டுக்குத் தாராளமாகப் போதும். அக்யூரசி 60 வந்தாலும் அது யாரும் முன்பே விடை எழுதி வைக்காத 60.

பாகூர் வயலில் ஒரு பேட்ச் 300 நெல் இலைகளைப் படமெடுத்து, வேளாண் அலுவலரிடம் காட்டிப் பெயரிட்டு, அடுத்த ஆண்டு ஜூனியர்களிடம் ஒப்படைத்தால் ஐந்தாண்டில் 1,500 ஆகும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஆனால் இந்த உழைப்புக்கு ரிவ்யூ தாளில் மதிப்பெண் கிடையாது. புதிய மாடலின் பெயருக்கு உண்டு, அக்யூரசிக்கு உண்டு, ஸ்கோபஸில் பட்டியலிடப்படும் மாநாட்டில் கட்டணம் கட்டிப் போட்ட பேப்பருக்கும் உண்டு. மாணவர்கள் மதிப்பெண் இருக்கும் பக்கம்தான் போவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே கேட்பது மதிப்பெண் பட்டியல் போடுகிறவர்களிடம். நூறில் முப்பதை, மாணவர் தாமே சேகரித்த தரவுக்கும் மாடல் எங்கே தோற்றது என்ற அத்தியாயத்துக்கும் ஒதுக்குங்கள். வரும் ஜூலையில் தொடங்கும் பேட்சுக்கே இதைச் செய்யலாம்.