தர்னோவோவின் ‘பொற்காலம்’: ஒரு மறுநோக்கு

இடைக்காலப் பல்கேரியாவின் தலைநகராகிய தர்னோவோவைப் பற்றி எழுதுவோர், 14ஆம் நூற்றாண்டை அதன் ‘பொற்காலம்’ எனப் போற்றுவது வழக்கம். அது யாருடைய பொற்காலம் என்னும் வினா எழுப்பப்படும்போதே அத்தொடர் ஆய்வுக்குரியதாகின்றது.

1185இல் அசென், பீற்றர் ஆகிய சகோதரர் பைசாந்திய ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்ததோடு இந்நகர் தலைநகராயிற்று. 1230இல் இரண்டாம் இவான் அசென் பெற்ற போர்வெற்றியை நாற்பது தியாகிகள் தேவாலயத் தூண் இன்றும் மன்னனின் குரலிலேயே கூறுகின்றது. ஆனால், 1277இல் உழவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, அடுத்த ஆண்டு இதே நகரில் முடிசூடிய பன்றிமேய்ப்பன் இவைலோவுக்கு அத்தகைய தூண் எதுவுமில்லை. அவனைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் பக்கிமேரிஸ் என்னும் பைசாந்திய வரலாற்றாசிரியன் வாயிலாகக் கிடைப்பனவே.

இப்பின்னணியிலேயே 1356இல் இவான் அலெக்சாந்தர் மன்னனுக்காகச் சீமோன் என்னும் துறவி எழுதிய நற்செய்தி நூலை நோக்குதல் வேண்டும். முந்நூறுக்கு மேற்பட்ட ஓவியங்களைக் கொண்ட இச்சுவடி இன்று இலண்டனில் உள்ளது. தொடக்கத்தில் அரச குடும்பமும், ஒவ்வொரு நற்செய்தியின் இறுதியிலும் நற்செய்தியாளருடன் மன்னனும் காட்சியளிக்கின்றனர். கலைத்திறனும் அதிகார நியாயமும் இங்கு பிரிக்கவொண்ணாதவாறு இணைந்துள்ளன.

1375இல் மறைமுதல்வரான எவ்திமி, மொழிபெயர்ப்புகளைக் கிரேக்க மூலங்களுக்கும் பழைய எழுத்துமரபுக்கும் இயையத் திருத்தினார். 1393இல் மூன்றுமாத முற்றுகையின்பின் நகர் ஒற்றோமன் படையிடம் வீழ்ந்தபோதிலும், அம்மரபு சேர்பிய, உருமேனிய, ருஷ்ய நாடுகளிற் பரவி நிலைத்தது. இதன் சிறப்பை மறுத்தல் வரலாற்றுக்கு மாறாகும். எனினும், வேற்றுமை உருபுகள் மக்கள் பேச்சில் மறைந்துகொண்டிருந்த காலத்தில், இச்சீர்திருத்தம் அவற்றை எழுத்திற் பேணியது. எல்லை கடந்த அறிஞர்களை ஒன்றிணைத்த அதே மொழி, உள்ளூர் உழவனிடமிருந்து விலகிச் சென்றது. பேச்சுமொழியைத் தழுவிய பல்கேரிய உரைநடை 19ஆம் நூற்றாண்டிலேயே உறுதிபெற்றது.

எனவே, தர்னோவோ இலக்கியத்தை வெறும் அரசவை இலக்கியமெனத் தள்ளுவதும் தேசியப் பெருமையென வியந்து நிற்பதும் ஒருசார்பானவையே. ஒரு மரபு எதைக் காத்தது, எவரை மௌனமாக்கியது என்னும் இரண்டையும் ஒருங்கே கேட்பதே விமர்சனத்தின் கடமையாகும்.